பாலைவனத்தில் ஒரு பெரட்டு

பதினெட்டாம் எண் இருக்கையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் சீனி வியாதி மாத்திரை, பாதி கடித்த பணிஸ், தண்ணீர்ப் போத்தல். சோதனைச் சாவடியில் எங்கள் பஸ்ஸுக்குள் ஏறிய போலீஸ்காரர் துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, தலைகளை எண்ணியபடி வந்து அந்த இருக்கையருகே நின்றார். சால்வையைப் பார்த்தார். பக்கத்தில் ஜன்னலோரம் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த என் சித்தியைப் பார்த்தார். மறுபடியும் சால்வையைப் பார்த்தார். அது தவக்காலத்தின் மூன்றாவது வாரம், புதன்கிழமைப் பிற்பகல். கிழமையும் பொழுதும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அஞ்சலகத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் கதவைத் திறந்ததும் தேதி முத்திரையை மாற்றுவதே அங்கே என் முதல் வேலை. ஆனால் அந்தப் பிற்பகலை நினைவுபடுத்த எனக்கு எந்தக் குறிப்பும் வேண்டியதில்லை. அந்தச் சால்வையின் ஓரத்தில் இருந்த தையலின் நிறத்தைக்கூட இப்போதும் சொல்வேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மலைநாட்டில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பதினெட்டாம் இருக்கைக்கு உரியவர் சித்தப்பாவின் தங்கை, எனக்கு அத்தை. இருவரும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், மலையிலும் அடுத்தடுத்த நிரையில் நின்று பறித்தவர்கள். ஒருவரையொருவர் "மதினி" என்று அழைப்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் மரியாதைக்குப் பயன்படுத்தி நான் கேட்டது குறைவு, சண்டைக்குத்தான் அதிகம். தொற்றுநோய்க் காலத்துக்கு முன்பு எங்கள் பாதர் பதுளை, பண்டாரவளை, தெமோதரைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைத் திரட்டிப் புனித பூமி யாத்திரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். விமானத்தில் கெய்ரோ வரை. அங்கிருந்து தரைவழியாகச் சினாய்ப் பாலைவனத்தையும் மலைகளையும் கடந்து எருசலேம். பிள்ளைகள் கட்டாயப்படுத்தி இந்த இருவரையும் அனுப்பினார்கள். ஆங்கிலம் தெரிந்தவன் துணைக்கு வேண்டும் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

நான் புறப்படுவதற்கு முன்பே வழியை எல்லாம் படித்து வைத்திருந்தேன். சூயஸ் கால்வாயின் அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டி, இடப்புறம் வெளிறிய மலைகளும் வலப்புறம் கடலும் தெரியத் தொடங்கியபோது, படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன் இருக்கையிலிருந்து எழுந்து போய் இருவரிடமும் சொன்னேன்: நம் முன்னோர்களும் திருச்சி, ராமநாதபுரம் பக்கமிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மலைநாட்டுக்கு வந்தார்கள், கிட்டத்தட்ட இஸ்ராயேல் மக்கள் மாதிரி.

அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "அவங்களுக்கு வானத்துலருந்து மன்னா விழுந்துச்சு. நமக்கு என்ன தம்பி விழுந்துச்சு? அட்டைதான் விழுந்துச்சு."

"இவளுக்கு அட்டை கடிச்சா என்னா, கடிக்காட்டி என்னா" என்றார் சித்தி. "இவ தோலுக்கு அட்டைக்குத்தான் பல்லு ஒடஞ்சிருக்கும்."

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பஸ்ஸில் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். மலைப்பாதை வளைவுகளுக்குப் பழகியவர்கள் என்பதால் யாருக்கும் தலைசுற்றவில்லை. வெட்டவெளிதான் அவர்களை மிரட்டியது. ஒரு செடி இல்லாத மலையை அவர்கள் பார்த்ததே இல்லை. "யாரு இத இப்படி மொட்டையா வழிச்சது" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

எங்கள் வழிகாட்டி ஓர் எகிப்தியர். எங்கள் பெயர்களில் இரண்டைச் சொல்லிப் பார்த்துவிட்டு, கெய்ரோவிலேயே ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டார், இருக்கைக்கும் அதே எண். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் கிளம்புமுன் எண்களை ஆங்கிலத்தில் கூப்பிடுவார். "யெஸ்" என்று சொல்லும்படி பாதர் பழக்கியிருந்தார். ஆனால் பெண்கள் எல்லோரும் "ஆமாங்க" என்றே சொன்னார்கள். இரண்டாம் நாளிலேயே வழிகாட்டிக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. யாராவது பதில் சொல்லத் தாமதித்தால் அவரே "ஆமாங்க?" என்று கேட்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அத்தைக்கு முழங்கால் வலி. எங்கே இறங்கினாலும் கடைசியாகத்தான் ஏறுவார். அன்று காலை அதற்காக வழிகாட்டி அவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அந்தப் பகுதியில் பஸ்கள் போலீஸ் வண்டிகளின் காவலோடு வரிசையாகத்தான் போக முடியும், ஒருவருக்காக வரிசை நிற்காது என்று அவர் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன்.

பகல் சாப்பாட்டுக்குக் கடலோரமாக இருந்த ஒரு தனிக் கட்டடத்தில் நிறுத்தினார்கள். அங்கே சித்தி, அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் போத்தலைத் திறந்து மேசை மேசையாகப் பரிமாறிவிட்டார். அத்தை கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது போத்தலின் அடிதான் மிச்சம்.

"மதினி, என் சம்பல வச்சு நீ புண்ணியம் தேடுறியா?"

"எருசலேம் வரைக்கும் கட்டிக்கிட்டுப் போயி ஆண்டவருக்கா குடுக்கப் போற?"

"நான் உன் பக்கத்துல இனிமே குந்த மாட்டேன், பாத்துக்க."

"குந்தாத. எனக்கு ஜன்னல் மிச்சம்."

வெளியே போலீஸ் வண்டியின் ஹாரன் விடாமல் ஒலித்தது. அவசரமாக ஏறினோம். வெயிலுக்காகத் திரைகளை இழுத்து மூடியிருந்ததால் உள்ளே அரையிருட்டு. வழிகாட்டி தலை நிமிராமல் எண்களை வாசித்தார். பதினேழு என்றார், ஆமாங்க என்றது ஒரு குரல். பதினெட்டு என்றார், ஆமாங்க என்றது ஒரு குரல். நானும் கேட்டேன். பஸ் நகர்ந்தது. கடலை விட்டு விலகி மலைகளுக்குள் திரும்பி, வெகுதூரம் போன பிறகுதான் அந்தச் சோதனைச் சாவடி வந்தது. அங்கேதான் அந்தப் போலீஸ்காரர் காலி இருக்கையின் முன் நின்றார்.

பின்னிருக்கைகளில் தேடினோம். அத்தை இல்லை. யாரோ சித்தியை உலுக்கி எழுப்பினார்கள். அவர் கண்ணைத் திறந்து, என்ன ஏது என்று கேட்காமல், பின்பக்கம் திரும்பி அத்தையைத் தேடினார். "கோவத்துல பின்னால போயிக் குந்தியிருக்கான்னு நெனச்சேன்" என்றார். பிறகு சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வழிகாட்டியின் முகம் வெளுத்துப் போனது. அவர் சாவடி அதிகாரியிடம் அரபியில் நெடுநேரம் பேசினார். பிறகு பாதரிடமும் என்னிடமும் சொன்னார்: எண்ணைக் கூப்பிட்டபோது அந்தப் பெண் பதில் சொன்னாள், முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிவிட்டுப் பின்கதவால் இறங்கியிருக்கிறாள். யாத்திரைக்கு என்று வந்து, எல்லை தாண்டி வீட்டு வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு, வயதானவர்களும் உண்டு. அதிகாரி அப்படித்தான் எழுதப் போகிறார். பஸ் வரிசையோடு போக வேண்டும். தப்பியோடிய பெண்ணைத் தேடுவது போலீஸின் வேலை.

தப்பியோடிய பெண். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறும் என் அத்தையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது என் மூளையில் ஏற நேரமெடுத்தது. அவர் மாத்திரை இங்கே இருந்தது. அவர் கடவுச்சீட்டு வழிகாட்டியின் பெட்டியில் இருந்தது. அவருக்குத் தெரிந்தது தமிழ், கொஞ்சம் சிங்களம். அதிகாரி எழுதிவிட்டால் அவரைத் தேடுவார்கள், ஆனால் குற்றவாளியாகத் தேடுவார்கள். பிடித்தால் லொக்கப்பில் வைப்பார்கள்.

பாதர் எழுந்து நின்று கேட்டார். "பதினெட்டுன்னு கூப்பிட்டப்போ யாரு பதில் சொன்னது? அவங்களேதானா?"

ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் எப்படி விவரிப்பது? ஒருவருக்கும் தெரியாமல் இருந்த மௌனம் அல்ல அது. முன்னாலிருந்து பின்வரை அத்தனை பெண்களும் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள். அது எனக்கு மெல்ல விளங்கியது. நான் நகரத்தில் வளர்ந்தவன். ஆனால் பெரட்டைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்திக் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். வரப் பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம், அல்லது அன்றைய வேலையே இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள், காய்ச்சல்காரப் புருஷனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருப்பவள் ஓடி வந்து சேர்வதற்குள் அவள் பெயர் வந்துவிடும். அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து, பக்கத்து நிரைக்காரி குரலை மாற்றி "ஆமாங்க" என்பாள். யார் கொடுத்த குரல் என்று எல்லோருக்கும் தெரியும். உயிர் போனாலும் எவரும் சொல்ல மாட்டார்கள். நாற்பது வருடம் அப்படி வாழ்ந்தவர்கள் இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். காதருகே குனிந்தேன்.

"தம்பி, நான்தாப்பா. காலையில அந்தாளு அவள ஏசினாரே, மறுபடியும் ஏசுவாருன்னு... வெள்ளச் சீலையில ஒருத்தி பின்கதவுல ஏறினா, அவதான்னு நெனச்சேன்."

"அதை எந்திரிச்சுச் சொல்லுங்க சித்தி."

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போல இருந்தது. "சொன்னா அவளுக்குல்ல வெனை. ஒருத்தி ஒத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் வேலைய நிறுத்திருவாங்க. ஒனக்குத் தெரியாது."

"இது தோட்டமில்ல சித்தி. இங்க நீங்க சொன்னாத்தான் அவங்க தப்பிப்பாங்க. சொல்லாட்டி ஓடிப்போனாங்கன்னு எழுதிருவாங்க."

ஒரு வாழ்நாள் முழுக்க உண்மையாக இருந்த ஒன்றைத் தலைகீழாக்கிப் பார்க்கும்படி நான் அவரிடம் கேட்டேன், அதுவும் பஸ்ஸின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருக்க. சித்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கம்பியைப் பிடித்து எழுந்தார். நடைபாதையில் வந்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தோட்டத்துத் தொரைக்கு முன்னால் நிற்கிற நிலை அது.

"நாந்தாங்க சொன்னேன். அவ சொல்லல. அவ பஸ்ஸுக்கே வரல. என்னைய இங்க எறக்கி வச்சுக்கிட்டு அவளக் கூட்டியாந்துருங்க ஐயா."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னால் ஒரு பெண் "ஐயோ, சொல்லிட்டாளே" என்று முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது. அதில் பாராட்டு இல்லை, திகில்தான் இருந்தது.

அதிகாரி எழுதாமல் பேனாவை மூடினார். பஸ்ஸைச் சாவடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு போலீஸ் பிக்கப்பில் வழிகாட்டியையும் சித்தியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தானே கிளம்பினார். வந்த வழி முழுவதும் ஒரு மரம் இல்லை. எங்கள் முன்னோர் மன்னாரிலிருந்து நடந்த வழியைப் பற்றி நான் பலதும் படித்திருக்கிறேன். நோய் கண்டவர்களை வழியோரத்தில் படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள் என்பதையும் படித்திருக்கிறேன். படித்து, குறித்துக்கொண்டு, அடுத்த பக்கம் புரட்டியிருக்கிறேன். அப்படி விடப்பட்ட ஒருவர் எழுந்து உட்கார்ந்து, ஆட்கள் போன திசையைப் பார்த்திருப்பார் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அத்தை கட்டடத்தின் நிழலில் இல்லை. பஸ் நின்ற அதே இடத்தில், தார் ரோட்டின் ஓரத்தில், வெயிலில், முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தார். அத்தை இரண்டையும் தொடவில்லை. ஒரு செருப்பு அறுந்து தூரத்தில் கிடந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியிருக்கிறார், அந்த முழங்காலோடு. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

நான் எதையும் சொல்வதற்கு முன் அதிகாரி கேட்டார், வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் கேட்டேன். "அத்தை, பஸ்ஸுல நம்பர் கூப்பிட்டப்போ நீங்களா பதில் சொன்னீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால், பிக்கப்பிலிருந்து கஷ்டப்பட்டு இறங்கிக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்தார். ஒரு கணம்தான். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆமாங்க" என்றார். "நாந்தான் சொன்னேன். சொல்லிட்டு நானாத்தான் எறங்கிட்டேன்."

மொழிபெயர்க்காமல் நின்றேன். ஆனால் முதல் சொல்லை வழிகாட்டி புரிந்துகொண்டுவிட்டார். அந்த ஒரு தமிழ்ச் சொல்தான் அவருக்குத் தெரியும். அதிகாரியிடம் திரும்பி அரபியில் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது.

"அடி பாவி, பொய் சொல்லாதடி!" சித்தி ஓடி வந்தார். "நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்!"

"என்னத்த சொன்ன?"

"நாந்தான் ஒனக்காகக் கொரலு குடுத்தேன்னு."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும். இந்த ஐயாகிட்டயும்."

அத்தையின் வாய் திறந்தபடியே நின்றது. பாலைவனத்தில் தனியாக விடப்பட்டதைவிட அதிகமாக அவரை ஏதோ ஒன்று அடித்துவிட்டதுபோல இருந்தது. அதிகாரி பொறுமையிழந்து, "எங்கே போவதற்காகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாய்?" என்று கேட்டார். நான் கேட்டேன். அத்தை சித்தியை விட்டுப் பார்வையை எடுக்காமல் சொன்னார். "வேற எங்க, பஸ்ஸுக்குப் போகத்தான்."

அதை நான் மொழிபெயர்த்ததும் அதிகாரி முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். தண்ணீர்ப் போத்தலைத் தானே எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அத்தை சித்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மலையடிவாரத்து மடத்தில் தங்கியபோதும், எல்லையைக் கடந்தபோதும் பேசவில்லை. எருசலேமில் குறுகலான கல்வீதிகளில் சிலுவைப்பாதை நடந்தபோது சித்தி அத்தையின் கையைப் பிடிக்கப் போனார். அத்தை கையை இழுத்துக்கொண்டார். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துத்தான், ஒரு கோழி விஷயமாகச் சண்டை போட்டு, மறுபடியும் பேசத் தொடங்கினார்கள். தன்னைப் பாலைவனத்தில் விட்டுப் போனதற்காக அல்ல, பெரட்டின் எழுதாத சட்டத்தைச் சித்தி மீறியதற்காகத்தான் அத்தைக்கு அவ்வளவு கோபம் என்று நான் முடிவு செய்திருந்தேன். இரண்டொரு கூட்டங்களில் அப்படியே பேசியும் இருக்கிறேன்.

சித்தி போன வருடம் ஐப்பசி மழையில் காலமானார். முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லயத்தில் அத்தையோடு உட்கார்ந்திருந்தபோது, அன்று ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டேன்.

"கோவமா?" அத்தை என்னை வியப்போடு பார்த்தார். "யாரு தம்பி சொன்னா கோவம்னு? பொய் சொல்றது எனக்குப் பழகின வாயி, தானா வந்துருச்சு. ஆனா அவ எந்திரிச்சு நின்னு, நாந்தான்னு சொன்னான்னு கேட்டதும் எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. ஜீப்புல வர்றப்போ யோசிச்சேன், நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு. பஸ்ஸு மலை ஏறி எறங்குற வரைக்கும் அதேதான். சொல்லியிருக்க மாட்டேன் தம்பி. தலையக் குனிஞ்சுக்கிட்டுக் குந்தியிருப்பேன். பஸ்ஸு போயிருக்கும். அவ அந்த ரோட்டுலயே கெடந்திருப்பா. இது தெரிஞ்சப்புறம் அவ மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில கெடக்கிறப்போ அவகிட்ட சொல்லிட்டேன். மதினி, நானா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன், ஒன்னைய விட்டுட்டுத்தான் போயிருப்பேன்னு சொன்னேன். அவ கண்ணத் தொறக்கல. என்ன சொன்னா தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"'தெரியும்டி'ன்னா. 'அன்னிக்குப் பஸ்ஸுல எந்திரிச்சு நிக்கிறப்பவே தெரியும்'னா."